இரண்டு ராஜ்யங்களும் ஒரு காலிச் சொம்பும்

மூன்று வாரம் நான் இங்கிலாந்துக்கு ராஜாவாக இருந்திருக்கிறேன். ராஜ்ய பரிபாலனம் நடந்த இடம் மைசூர், மகாராஜாவின் அரண்மனையிலிருந்து ஜட்கா வண்டியில் பத்து நிமிஷத் தூரம். எனக்குப் பதினைந்து வயது. நர்ஸாக இருந்த அம்மாவின் பழைய ஆஸ்பத்திரிச் சேலையை மடித்துத் தைத்த அங்கி, தேங்காய் நாரில் தாடி, அட்டைக் கிரீடம். இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், ராஜாக்கள் அதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை.

காரணம் எங்கள் ஹிஸ்டரி மிஸ். பெங்களூரில் தண்டு என்கிற கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க்காரி, ஒல்லியாக, குடையில்லாமல் வெளியே கிளம்பாதவர். எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் ஸ்கூல் டேக்கு ஒரே நாடகம்தான். காகிதச் சிறகு கட்டிய தேவதைகள் வருவார்கள், ஒரு தேவதை காணாமல் போகும், மற்ற தேவதைகள் அழும், அது கிடைத்துவிடும். இன்னொரு தேவதையைப் பார்க்க நேர்ந்தால் வேலையை விட்டுவிடுவேன் என்று மிஸ் தலைமை ஆசிரியை துரைசானியிடம் சொல்லிவிட்டாராம். அந்த வருஷம் தேவதைகளுக்குப் பதில் சாக்சன்களும் டேனியர்களும் வந்தார்கள்.

கதை ஆயிரம் வருஷத்துக்கும் முந்தையது. டேனியர்கள் கடல் கடந்து படகில் வந்து இங்கிலாந்தைக் கொள்ளையடிக்கிறார்கள். சாக்சன் ராஜ்யங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. மிச்சமிருக்கும் ஒரே ராஜா சதுப்புக் காட்டில் ஒரு மாட்டுக்காரன் குடிசையில் ஒளிந்துகொண்டு, அடுப்பில் இருந்த ரொட்டியைக் கருகவிட்டு, மாட்டுக்காரன் மனைவியிடம் திட்டு வாங்குகிறார். பிறகு படை திரட்டி டேனியர்களை ஜெயிக்கிறார். டேனியத் தலைவன் பணிந்து ஞானஸ்நானம் பெற்றுக்கொள்கிறான். ராஜா அவனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு, புதுப் பேர் வைத்து, பன்னிரண்டு நாள் விருந்து போடுகிறார். அப்புறம் இருவரும் உட்கார்ந்து எல்லை வகுக்கிறார்கள். ஆற்றின் நடுவே ஒரு கோடு, இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு.

மிஸ்ஸுக்கு உயிர் அந்தக் கோட்டில்தான் இருந்தது. "சண்டை போட யாருக்கும் தெரியும்டி. சண்டை போட்டவனோட உக்காந்து கோடு போட்டாரு பாரு, அதுக்குத்தான் அவரு ராஜா" என்பார். சொல்லும்போதே கரும்பலகையில் சாக்கட்டி உடையும்.

ராஜா வேஷத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தது என் உயரத்துக்காக. தொண்டைக்காகவும் இருக்கலாம். நான் வகுப்பில் ரகசியம் பேசினால் கேட்டுக்கு வெளியே நிற்கும் நெல்லிக்காய்க்காரிக்குக் கேட்கும். டேனியத் தலைவன் வேஷம் யாருக்கு என்று மிஸ் கேட்டபோது, யோசிக்காமல் என் பக்கத்தில் இருந்தவளைக் கைகாட்டினேன். நாலடி எட்டங்குலம், முழங்காலைத் தொடும் பின்னல், நெற்றியில் செங்கோடாக ஸ்ரீசூர்ணம். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, விக்கல் வந்தால்தான் நிற்கும்.

அவள் மேல்கோட்டையிலிருந்து வந்த மண்டயம் ஐயங்கார் வீட்டுப் பெண். அப்பா அரண்மனை ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. அவர்கள் வீட்டில் பெண் பிள்ளை ஹைஸ்கூல் வாசலை மிதித்தது இவளோடுதான் ஆரம்பம். கணக்கில் முதல். எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, காலேஜில் கணக்கு எடுத்து, ஒரு நாள் நட்சத்திரங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தானே அளந்து பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஜாதகம் ஏற்கெனவே நாலு வீட்டுக்குப் போயிருந்தது. பரீட்சை முடியட்டும் என்று அப்பா சொன்ன ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தாள்.

படகு ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. படகு என்றால் பரிசல். காவிரியில் ஆயுசு முழுக்க உழைத்து அடிப்பாகம் இற்றுப்போன வட்டப் பரிசல். அடியை வெட்டி எடுத்துவிட்டால் எட்டுப் பெண்கள் உள்ளே நின்று இடுப்பளவில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். டேனியர் படகுக்கு முன்னால் டிராகன் தலை இருக்க வேண்டும் என்று மிஸ் பிரம்பில் ஒன்றைக் கட்டிவைத்தார். ஆனால் பரிசலுக்கு முன் ஏது, பின் ஏது. எட்டு டேனியர்களும் ஆளுக்கொரு திசையில் நடக்க, படகு மேடையில் சுற்றியது. டிராகன் இங்கிலாந்தைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, ஹார்மோனியத்தைப் பார்த்தது, மறுபடி இங்கிலாந்தைப் பார்த்தது. இரண்டு டேனியர்களுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. கடல் பயணத்தில் அது சகஜம்தான் என்று மிஸ் சொல்லிவிட்டார்.

மண்டி மொஹல்லாக் கடைகளில் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைக் கெஞ்சி வாங்கி வந்து கோடாலிகளுக்கு ஒட்டினோம். சாக்சன்களுக்குக் கேடயம் முறம். டேனியர்களுக்குத் தலைக்கவசம் அவரவர் வீட்டுப் பித்தளைப் பாத்திரம். அந்த மூன்று வாரம் மைசூரில் எத்தனை வீடுகளில் பருப்பு வேகாமல் கிடந்ததோ தெரியாது.

அதற்குள் எங்கள் வராந்தாவும் இரண்டு ராஜ்யமாகிவிட்டது. குடிதண்ணீர்க் குழாயை நடுவில் வைத்து சாக்கட்டியால் கோடு போட்டோம். மதிய இடைவேளையில் கோட்டைத் தாண்டி டேனியர்கள் சாப்பாட்டு டப்பாக்களைக் கொள்ளையடிப்பார்கள். எல்லோரையும்விட மூர்க்கம் அவர்கள் தலைவனுக்குத்தான். ஆனால் அவள் ஆசாரக்காரி. வெளி வீட்டுச் சாப்பாட்டைத் தொடமாட்டாள். என் டப்பாவில் அவித்த முட்டை இருக்கும் நாட்களில், ஒரு குச்சியால் டப்பாவை மெல்லத் தன் ராஜ்யத்துக்குள் தள்ளிக்கொண்டு போய், வெற்றி என்று கத்திவிட்டு, அதே குச்சியால் திருப்பித் தள்ளிவிடுவாள். கொள்ளையடித்ததைப் பத்திரமாகத் திருப்பித் தந்த டேனியன் சரித்திரத்தில் அவள் ஒருத்திதான்.

நான் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்ததில்லை. காலையில் எழுந்ததும் சிரிப்பு வரும். ஜெபம் பண்ணும்போது சிரிப்பு வந்து அப்பாவிடம் முறைப்பு வாங்கினேன்.

வினை ஒரு நிலைக்கண்ணாடியால் வந்தது. அவள் வீட்டில் கண்ணாடி முன் மண்டியிட்டு, தலையைக் குனிந்து, கடைசிக் காட்சியை ஒத்திகை பார்த்திருக்கிறாள். நாடகம் இங்கிலீஷில். அவள் தங்கைக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்கிறாள். இவளும் ஒளிக்காமல் தமிழில் சொல்லியிருக்கிறாள். பழைய பேரை விட்டேன், தண்ணீர் தெளித்துப் புதுப் பேர் தாரும் என்று. தங்கை அதை அப்படியே கொண்டுபோய் அப்பாவிடம் ஒப்பித்துவிட்டாள்.

மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்குள் அவர் பள்ளிக்கூடத்தில் நின்றார். சரிகைத் தலைப்பாகை, மூடிய கோட்டு, பஞ்சகச்சம். நான் மிஸ்ஸின் மேஜைக்குப் பின்னால் முறங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

"எம் பொண்ணை இன்னையோட நிறுத்திக்கறேன்" என்றார். கோபமாக இல்லை, குரலில் தூக்கமில்லாத களைப்புத்தான் இருந்தது. "நீங்கோ நல்லவாதான். அதுல சந்தேகம் இல்லை. ஆனா மிஷன் ஸ்கூல்ல படிக்கற பொண்ணுக்கு சபையில வெச்சுத் தண்ணி தெளிச்சான்னு ஒரு பேச்சு கிளம்பித்துன்னா அப்பறம் நான் என்ன சொன்னாலும் எடுபடாது. இவளுக்கு மட்டுமில்லை, இவ தங்கைக்கும் வரன் வராது."

"சார், இது டிராமா" என்றார் மிஸ்.

"ஹௌது, டிராமாதான். வரவாள்ல பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. தண்ணி எல்லாருக்கும் தெரியும்."

மிஸ் பேச்சைப் பரீட்சைக்குத் திருப்பினார். ஒரு மாதத்தில் பரீட்சை இருக்கிறது, இப்போது நிறுத்தினால் அவளுடைய படிப்பு மொத்தமும் வீண் என்றார். அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது மிஸ்ஸுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. அவர் திரும்பி மேஜைக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார்.

யோசனை இதுதான். வேஷத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது. அவள் ராஜா, நான் டேனியன். தண்ணீர் என் தலையில் விழும். நான் பிறந்த நாற்பதாம் நாளே ஞானஸ்நானம் வாங்கியவள், எனக்கு இன்னொரு சொம்புத் தண்ணீரால் ஒன்றும் ஆகிவிடாது.  மகள் ஊற்றுவதில் தோஷமில்லை என்று அவள் அப்பா கடைசியில் ஒப்புக்கொண்டார். போகும்போது என்னைப் பார்த்து, "நீ தலைக்கு எண்ணெய் வெச்சுக்கோம்மா, ஜலம் ஒட்டாது" என்றார்.

நான் ராஜ்யத்தை இழந்தேன். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை என்று எழுதினால் பொய். கிரீடத்தைக் கொடுத்துவிட்டுச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டபோது பொறாமையில் வயிறு எரிந்தது. ஆனால் அவளைக் கைகாட்டியது நான். அவள் பள்ளிக்கூடம் நின்றுபோனால் அந்தப் பழியும் என்னுடையதுதான். ஆகவே வாயை மூடிக்கொண்டு படையெடுத்தேன்.

மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் எங்கள் சபைப் போதகர் வந்துவிட்டார். நான்தான் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது வேஷ மாற்றத்தைப் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரிடம் சொல்லியிருக்கிறார். போதகர் பருத்த மனிதர், படியேறினால் மூச்சு வாங்கும், சைக்கிளில் வருவார்.

"ஞானஸ்நானம் ஒரு தடவைதாம்மா" என்றார் மிஸ்ஸிடம். "ரெண்டாந்தரம் கொடுக்கிறது விளையாட்டுக்குக்கூட ஆகாது. அதுவும் யார் கொடுக்கிறது, பட்டம் பெற்ற குருவானவரா? நாமம் போட்ட பிராமணப் பொண்ணு. இந்தப் பிள்ளைக்கு இந்த ஈஸ்டர்ல திடப்படுத்தல் இருக்கு. பிஷப் கேட்டா நான் என்னம்மா சொல்ல?"

இந்தச் சமயத்தில் மிஸ் ஒரு காரியம் செய்தார். அவர் வாழ்க்கையில் செய்த காரியங்களிலேயே மிகத் துணிச்சலானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். பியூனை அரண்மனை ஆபீஸுக்கு அனுப்பி, அவள் அப்பாவையும் வரச்சொன்னார். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு, நடுமேஜையில் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் வைத்துவிட்டு, தான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நானும் அவளும் வாசலில் நின்றோம். அவள் கை சில்லென்று இருந்தது. அவளுக்கு அன்று ஒரு தடவைகூடச் சிரிப்பு வரவில்லை.

ஒரே ஊரில் முப்பது வருஷம் இருந்தும் அந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதலில் இருவரும் மிஸ்ஸைப் பார்த்தே பேசினார்கள். அவள் அப்பா நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசிக் காட்சியை வாய்விட்டுப் படித்தார். அழகான இங்கிலீஷ். படிக்கப் படிக்க அவர் முகத்தில் வேறொரு கவலை வந்தது.

"இதென்ன இது" என்றார். "தீர்த்தம், வெள்ளை வஸ்திரம், புதுத் திருநாமம். எங்களவாளுக்கும் உண்டே. சமாச்ரயணம்னு பேரு. சங்க சக்கரம் ஒத்திண்டு, ஆசாரியன் புதுப் பேர் வெப்பார். ஆனா பண்றவர் ஆசாரியன். இங்க ராஜாவன்னா பண்றான். ராஜாவுக்கு என்ன அதிகாரம்?"

போதகர் நாற்காலியோடு திரும்பினார். முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"அதையேதான் நானும் கேக்கிறேன் சார். ராஜாவுக்கு ஏது அதிகாரம்? அவர் பக்கத்தில நிக்கலாம். ஞானத்தகப்பனா கையைப் பிடிச்சுத் தூக்கிவிடலாம். கொடுக்கிறது குரு."

"அப்படிப் போடுங்கோ. குருமுகமா இல்லாதது செல்லாது."

"செல்லவே செல்லாது."

அப்புறம் எங்களுக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முறை தெரியவில்லை, எதையும் அரைகுறையாகப் பண்ணுகிறார்கள், பெரியவர்கள் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்று இருவரும் மாறி மாறிச் சொல்லி, மாறி மாறித் தலையாட்டினார்கள். இடையில் போதகருக்குக் காப்பி வந்தது. அவள் அப்பா வெளியில் எதுவும் சாப்பிடமாட்டார் என்று சொல்லாமலே புரிந்துகொண்டு போதகரும் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். அது ஆறி ஏடு கட்டிப் போயிற்று.

காட்சியையே எடுத்துவிடலாமா என்று மிஸ் மெதுவாகக் கேட்டார். இரண்டு பேரும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். புஸ்தகத்தில் இருப்பதை இல்லை என்று சொல்வது தப்பு என்றார் அவள் அப்பா. ஞானஸ்நானத்தை மறைப்பது அதைவிடத் தப்பு என்றார் போதகர்.

அரை மணியில் உடன்படிக்கை தயாராகிவிட்டது. பென்சிலால் எழுதியது அவள் அப்பாதான், குமாஸ்தாக் கையெழுத்தில், வரி வரியாக. வேஷங்கள் பழையபடியே, அவள் டேனியன், நான் ராஜா. குரு வேஷத்தில் ஒரு பெண் பக்கத்தில் நிற்க வேண்டும், ஆனால் சொம்பைக் கவிழ்ப்பது ராஜாதான், குரு கவிழ்த்தால் செல்லுபடியாகிவிடும். வெள்ளை வஸ்திரம் கிடையாது. புதுப் பேரை வாயால் சொல்லக்கூடாது. சொம்பு காலியாக இருக்க வேண்டும். ராஜா காலிச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினால் சபை மிச்சத்தை நினைத்துக்கொள்ளும். இருவரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள். ஜன்னல் பக்கம் நின்ற மிஸ் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம் தன் கண்ணெதிரில் ஒரு எல்லை வகுக்கப்பட்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

எழுந்து போகும்போது அவள் அப்பா வாசலில் நின்றார். என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு சொட்டு உன் தலையில விழுந்துதுன்னா, மறுநாள்லேர்ந்து ஸ்கூல் இல்லை. பரீட்சையும் இல்லை. வைகாசியில கல்யாணம்."

"சரிப்பா" என்றாள் அவள்.

ஸ்கூல் டே அன்று ஹால் நிரம்பி வராந்தா வரை ஜனம். முன் வரிசையில் துரைசானி, அவர் பக்கத்தில் போதகர், போதகர் பக்கத்தில் அவள் அப்பா. இரண்டு பேரும் சேர்ந்து வந்து சேர்ந்து உட்கார்ந்ததை நான் திரை ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

திரைக்குப் பின்னால் அவள் அம்மா இருந்தாள். டேனியர்கள் கால்சட்டை போட்டார்கள் என்று மிஸ் சொல்லியிருந்தார். கால்சட்டைக்கு மைசூரில் எங்கே போவது? கச்சம் கட்டினால் தூரத்துக்குக் கால்சட்டை மாதிரிதான் தெரியும். எட்டு டேனியர்களுக்கும் கச்சம் கட்ட அவள் அம்மாவைவிடத் தகுந்த ஆள் இல்லை. மாமி கூட்டத்துக்குக் கூச்சப்படுபவள். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த கூஜாவோடு ஒரு மூலையில் நின்று, ஒவ்வொரு டேனியனாக இழுத்து, கொசுவத்தைச் செருகி, "ஓடினாலும் அவிழாது, போ" என்று முதுகில் தட்டி அனுப்பினாள்.

நாடகம் தொடங்கியது. எப்படி ஓடியது என்று கேட்டால் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் ஒன்றுதான் ஞாபகம். மாட்டுக்காரன் மனைவியாக வந்தவள் ரொட்டி கருகியதும் இங்கிலீஷை மறந்து, அக்கி ரொட்டியைக் கருகவிட்ட மாப்பிள்ளையைத் திட்டுவதுபோலக் கன்னடத்தில் என்னை விளாசினாள். ஹால் அதிர்ந்தது. டேனியர் படகு வந்து மூன்று சுற்றுச் சுற்றி, டிராகன் துரைசானிக்குப் பின்புறத்தைக் காட்டியபடி கரை ஒதுங்கியது. போர்க்களத்தில் முறங்கள் பறந்தன. போன வாரத்து வேஷ மாற்றத்தில் இரண்டு பேரின் வசனமும் எங்கள் மண்டைக்குள் குழம்பிக் கிடந்ததால், ஜெயித்த நான் "சரணடைகிறேன்" என்றேன், தோற்ற அவள் "உன்னை மன்னித்தேன்" என்றாள். யாரும் கவனிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாடிக்குள் விக்கியபடியே அவள் என் முன்னால் மண்டியிட்டாள்.

குரு வேஷக்காரி சொம்பை நீட்டினாள். வாங்கினேன். கனமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று நான் இங்கிலாந்தை ஜெயித்திருந்தேன், என் கைக்கு எது கனம், எது லேசு என்றே தெரியவில்லை. சபையைப் பார்த்து நிமிர்ந்து நின்று, சொம்பை உயர்த்தி, ஒரேயடியாகக் கவிழ்த்தேன்.

முழுச் சொம்புத் தண்ணீரும் அவள் தலையில் கொட்டியது.

சட்டியின் மேல் சளசளவென்று விழுந்து, தாடியில் இறங்கி, கச்சத்தில் ஓடியது. அவள் விக்கல் நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை. கணக்கு நோட்டைக் கடைசித் தாள் வரை எழுதி முடித்தவள் மூடிவைப்பதுபோல அவள் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.  நானே அவளைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

முன் வரிசையில் அவள் அப்பா எழுந்துவிட்டார். 

பக்கத் திரை விலகியது. அவள் அம்மா மேடைக்கே வந்துவிட்டாள், மடிசாரும் கூஜாவுமாக, அத்தனை பேர் முன்னால். உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரும் மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"நான்தான் ரொப்பினேன்" என்றாள். கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். "பொண்ணு சபையில நிக்கறச்சே அவ எதிர்க்க யாராவது காலிச் சொம்பைத் தூக்கிண்டு வருவாளோ? அபசகுனம்னா. அந்தக் கொழந்தை கவனிக்காம வெறும் சொம்பை எடுத்துண்டு போயிண்டிருந்தா. நம்மாத்துத் தீர்த்தம்தான். காவேரி ஜலம்."

அவள் அப்பா மனைவியைப் பார்த்தார். சொட்டச் சொட்ட மண்டியிட்டிருந்த மகளைப் பார்த்தார்.  பக்கத்தில் போதகர் மூச்சு வாங்க எழுந்து நின்றார்.

"சார், எங்க முறைப்படி இதில ஒண்ணுமே நடக்கல" என்றார், ஹால் முழுக்கக் கேட்கும்படி, பிரசங்கக் குரலில், முதலில் தமிழில், பிறகு கன்னடத்தில். "பேர் சொல்லல, ஜெபம் சொல்லல, ஊத்தினது குருவும் இல்ல. அம்மா வீட்டுத் தண்ணி பொண்ணு தலையில விழுந்திருக்கு, அவ்வளவுதான். யார் கேட்டாலும் நான் வந்து சொல்றேன்."

 அவள் அப்பா படியேறி மேடைக்கு வந்தார். எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. அவர் என்னைக் கடந்து போனார். மகள் தலையிலிருந்த சட்டியை எடுத்துக் கீழே வைத்தார். கோட்டின் மேல் போட்டிருந்த அங்கவஸ்திரத்தை உருவி, அவள் பின்னலைப் பிழிந்து, உச்சியிலிருந்து அழுத்தித் துவட்ட ஆரம்பித்தார்.

"ஈரத்தோட நிக்காதே" என்றார். "மாசம் பொறந்தா பரீட்சை. ஜலதோஷத்தோட எப்படிப் போய் எழுதுவே?"

அவள் கண்ணைத் திறந்தாள். "எழுதணுமாப்பா?" என்றாள்.

"எழுதாம?" என்றார் அவர், துவட்டுவதை நிறுத்தாமல்.